சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு ஒரு மஞ்சள் சட்டைக்காரியின் நன்றி மடல்

அன்புள்ள அல்சூர் வீட்டு அஜ்ஜிக்கும் தாத்தாவுக்கும், ஆட்டோ அண்ணாவுக்கும், ஆபீஸ் கூட்டாளிகளுக்கும், எல்லாருக்கும் முன்னால் சிவமொக்காக்காரிக்கும்,

வணக்கம்.

வரும் சனிக்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணியில் வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். கிளம்பும் முன் ஒவ்வொருவரிடமும் நேரில் நன்றி சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். உங்களிடம் நன்றி சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அஜ்ஜி "அதெல்லாம் இருக்கட்டும், ஊட்ட ஆய்தா?" (சாப்பிட்டாயா?) என்று தட்டை எடுத்து வைத்துவிடுவார். ஆட்டோ அண்ணா ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடுவார். சிவமொக்காக்காரி புள்ளிப் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிப் போடுகிறேன். இனி யாரும் பேச்சை மாற்ற முடியாது.

விவரம் தெரியாதவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் திருவல்லிக்கேணியில் வளர்ந்தவள். சேப்பாக்கத்தில் விக்கெட் விழுந்தால் எங்கள் மொட்டை மாடிக்குச் சத்தம் முதலில் வரும், டி.வி.யில் படம் அப்புறம்தான் வரும். அப்பா 1999 ஜனவரியில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டுக்குப் போனவர். டெண்டுல்கர் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்ற ஆட்டம். அன்றைக்கு எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டிய கூட்டத்தில் அவரும் இருந்தார். "நல்லா ஆடினா தட்டணும், யாரா இருந்தா என்ன" என்பார். எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் வாய்க்கவில்லை. 2008-ல் ஐ.பி.எல். தொடங்கியபோது போட்ட சென்னை அணியின் மஞ்சள் சட்டையை, சென்னை அணிக்கே தடை விழுந்த 2016, 2017-லும் நான் பரணில் போடவில்லை. 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பைகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

அப்படிப்பட்டவள் கல்யாணமாகி வந்து சேர்ந்த ஊர் பெங்களூர். ஆபீஸில் பக்கத்து நாற்காலி, சிவப்புச் சட்டை போடும் பெங்களூர் அணியான ஆர்.சி.பி. வாடகைக்குப் பிடித்த வீட்டில் கீழ் போர்ஷன் முழுக்கக் கர்நாடகா. தினம் ஏறுகிற ஆட்டோவின் கண்ணாடியில் சிவப்புக் கொடி. முதல் வருடம் எனக்கு வாயாடவே நேரம் போதவில்லை.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவர் ஜனவரியில் கப்பலேறிய பிறகுதான் எனக்கு இரண்டு கோடு தெரிந்தது. செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கப்பல் ஏதாவது கரையோரம் வந்து சிக்னல் கிடைக்கட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னையில் அப்பாவுக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அம்மாவால் அந்தப் பக்கமிருந்து அசைய முடியாது. பரவாயில்லை, மசக்கைதானே, சமாளித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலையில் ரத்தம் பட்டது.

ஆபீஸ் வாசலிலிருந்தே திரும்பி வந்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனவள் சிவமொக்காக்காரி. ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, "இதயத்துடிப்பு இருக்கு. ஆனா இப்போதைக்கு எதையும் உறுதியா சொல்ல முடியாது. மாத்திரை எழுதறேன். மாடி ஏறாதீங்க, கனம் தூக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். நாங்கள் குடியிருப்பது இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

அஜ்ஜி, நீங்கள் செய்ததை இங்கே எழுதாமல் விடமாட்டேன். நாங்கள் ஆட்டோவில் திரும்பி வருவதற்குள் உங்கள் முன்னறையில் கட்டில் போட்டு, விரிப்பு மாற்றி, ஜன்னலுக்குத் திரை கட்டியிருந்தீர்கள். அந்த அறை தாத்தாவுடையது. அவருடைய பேப்பர் கட்டு, ரேடியோ, சாய்வு நாற்காலி எல்லாம் வராந்தாவுக்குப் போயிருந்தன. வாடகைக்கு இருக்கிற பெண்ணுக்காக எண்பது தாண்டிய மனிதர் தன் அறையைக் காலி செய்துவிட்டு, "வெளியில காத்து நல்லா வருது" என்றார். பிப்ரவரி பெங்களூரில் விடியற்காலையில் வராந்தாவில் எப்படிக் காற்று வரும் என்று எனக்குத் தெரியும் தாத்தா. மப்ளரைச் சுற்றிக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அஜ்ஜியின் சமையலுக்குத் தனி மடல் வேண்டும். முள்ளங்கி வாசனைக்கே குமட்டிய நாட்களில் கீரையையும் பருப்பையும் வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துப் பஸ்ஸாரு வைத்து, ராகிக் களியான முத்தேயைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளிக் கொடுத்தீர்கள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். பப்பாளி கூடாது, அன்னாசி கூடாது, கிரகண நேரத்தில் வெளியே வரக் கூடாது என்று அம்மா போனில் சொல்வதையே நீங்கள் கன்னடத்தில் சொன்னீர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. வளைகாப்பில் சந்திக்கும்போது எனக்கு எதிராகக் கூட்டணி வைக்கப்போகிறீர்கள் என்பது இப்போதே தெரிகிறது.

இனி உனக்கு, சிவமொக்காக்காரி.

நீ அன்று இரவே ஒரு பையோடு வந்து தரையில் பாயை விரித்தாய். எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாய். இந்த வாரத்தில் ரத்தம் பட்டால் நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கலைகிறது என்று இரவெல்லாம் நான் தேடிப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாய். "இதயத்துடிப்பு இருக்கா? இருக்கு. இன்னிக்கு அதுதான் ஸ்கோர்" என்றாய்.

எனக்குக் கோபம்தான் வந்தது. 'பார்ப்போம்' என்று சொல்லிவிட்டு ஒருத்தியைக் கட்டிலில் படுக்க வைத்தால் அவள் என்ன செய்வாள்? என் பக்கம் காத்திருந்து பழக்கமே கிடையாது. நாங்கள் ஒன்பதாம் இடம் வந்த 2022-க்கு அடுத்த வருடமே கோப்பை வந்துவிட்டது, அதுவும் ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து. என் போன்றவர்களுக்குப் பொறுமை என்றால் கடைசி ஓவர் வரைக்கும்தான்.

உன் கதை வேறு. 2009 ஜோகன்னஸ்பர்க் இறுதிப் போட்டியில் 6 ரன்னில் தோல்வி. 2016-ல் சொந்த மைதானத்தில், கோலி ஒரே சீசனில் 973 ரன் குவித்த வருடத்தில், 8 ரன்னில் தோல்வி. அதற்கு அடுத்த வருடம் கொல்கத்தாவிடம் 49-க்கு ஆல் அவுட். 2011 இறுதிப் போட்டியில் எங்களிடம் தோற்றதை நான் சொல்லவே வேண்டாம். உங்கள் கெய்லை முதல் ஓவரிலேயே அஸ்வின் தூக்கியபோது நான் சேப்பாக்கத்தில் அப்பாவின் தோளைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தேன். நீ சிவமொக்காவில் பாட்டி வீட்டுத் திண்ணையில் அழுதுகொண்டிருந்ததாகப் பிறகு சொன்னாய். ஒவ்வொரு வருடமும் 'ஈ சலா கப் நம்தே' (இந்தத் தடவை கோப்பை நமதே) என்று கிளம்புவீர்கள், ஒவ்வொரு வருடமும் ஊரே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன், மீம் போட்டிருக்கிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு ராத்திரி உன்னிடம் கேட்டேன், எப்படித்தான் தாங்குகிறாய் என்று. நீ பாயில் படுத்தபடியே சொன்னது: "அடுத்த வருஷம் என்னாகும்னு யோசிச்சிருந்தா நாங்கெல்லாம் எப்பவோ பைத்தியம் ஆகியிருப்போம் மாராயத்தி. இன்னிக்கு மேட்ச் இருக்கா, இன்னிக்குப் பாக்கணும். தோத்தா திட்டணும். தூங்கணும். நாளைக்கு மறுபடி டி.வி. போடணும்." கவுன்சலிங் மாதிரி யாராவது பக்குவமாகப் பேசியிருந்தால் நான் திரும்பிப் படுத்திருப்பேன். நீ பேசியது பதினேழு சீசன் தோற்றவளின் பேச்சு. அதை நம்ப முடிந்தது. மறுநாளிலிருந்து நானும் அப்படியே செய்தேன். காலையில் எழுந்தேன், மாத்திரை போட்டேன், டாக்டரம்மாவை மனதுக்குள் திட்டினேன், உன் அம்மா போனில் சொல்லிக்கொடுத்து நீ அரைத்துத் தயிரில் கலந்த இஞ்சித் தம்புளியைக் குடித்தேன், தூங்கினேன்.

இரண்டு வாரம் கழித்து ஸ்கேனில் அது கையை ஆட்டியது.

அப்பெ மிடி ஊறுகாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் உன் அம்மா வருத்தப்படுவார். சாகர என்ற ஊர்ப் பக்கத்துக் காட்டு மரத்துப் பிஞ்சு மாங்காய், காம்போடு உப்பில் போட்டது, ஒரு பரணி நிறைய பஸ்ஸில் வந்து இறங்கியது. உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்று நீ கணக்கு வைத்தாய். ஊறுகாய்ப் பரணிக்குக் காவல் போட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். தாத்தாவுக்கும் எனக்கும் இடையில் ஒரு கள்ளக்கடத்தல் நடந்தது. அதை இங்கே விவரிக்க மாட்டேன்.

மார்ச் 23-ல் எங்கள் அணிக்குச் சீசன் தொடங்கியபோது நான் மாடிப்படி ஏறலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏறவில்லை. மேட்ச் பார்க்கத் தாத்தாவின் முன்னறைதான் வசதி. மும்பையை முதல் ஆட்டத்தில் வென்றதும் இந்த வருடம் ஆறாவது கோப்பை என்று முழங்கினேன். ஐந்தே நாளில், மார்ச் 28-ல், சேப்பாக்கத்தில் உங்கள் ஆட்கள் எங்களை 50 ரன்னில் அடித்தார்கள். 2008-க்குப் பிறகு அந்த மைதானத்தில் உங்களுக்கு முதல் வெற்றி. எங்கள் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார், அதற்கு நான் இன்றைக்கும் சமாதானம் ஆகவில்லை. எட்டரை மணிக்கே தலைவலி என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீயும் ஆபீஸ் கூட்டமும் சத்தம் போடாமல் வராந்தாவில் ஆடியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஆறு பேர், வாயைப் பொத்திக்கொண்டு, பதினேழு வருடச் சந்தோஷத்தை ஊமையாக ஆடினீர்கள், நான் தூங்குகிறேன் என்று நினைத்து. அப்பா அங்கே இருந்திருந்தால் எழுந்து தட்டியிருப்பார். நான் போர்வைக்குள் லேசாகத் தட்டினேன். சத்தியமாக ஒரே ஒரு தடவை.

அப்புறம் எங்கள் அணி சேப்பாக்கத்தில் தோற்றுக்கொண்டே போனது. கொல்கத்தாவிடம் 103 அடித்த இரவு தாத்தா டி.வி.யை அணைத்துவிட்டு விஸ்வநாத் கதை சொன்னார். 1975 பொங்கல் டெஸ்டுக்கு ரயிலேறி மெட்ராஸ் போனவர் அவர். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் இந்தியா 190-க்குச் சுருண்டது. அதில் 97 ரன் இந்தப் பெங்களூர்க்காரருடையது, கடைசி வரை அவுட் இல்லை. மெட்ராஸ்காரர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை அடித்த மாதிரிக் கொண்டாடினார்கள் என்று தாத்தா சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மசக்கைக்காரிக்கு எதற்கெடுத்தாலும் கண்ணீர் வரும் என்று சமாளித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம் தாத்தா. 2015 ரஞ்சி இறுதிப் போட்டியில் கருண் நாயர் எங்கள் தமிழ்நாட்டுக்கு எதிராக 328 அடித்ததையும் எடுத்துவிட்டீர்கள். உங்களுக்கு இருபது ஓவரெல்லாம் கூத்து, ரஞ்சிதான் கிரிக்கெட். அந்த நீண்ட பகையில் நானும் ஒரு சிறு துண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆட்டோ அண்ணா, நீங்கள் மூன்று தலைமுறையாக அல்சூரில் இருக்கிற தமிழர். "தமிழா இருந்துட்டு ஆர்.சி.பி.யா?" என்று முதல் நாளே சண்டை போட்டேன். "பொறந்த ஊரு இது மா. வேற எதுக்குக் கத்துவேன்? எங்க டீமுக்கு பேட்டிங் சொல்லிக் குடுக்கறதே உங்க ஊரு தினேஷ் கார்த்திக்தான்" என்றீர்கள். பதில் இல்லை. பிப்ரவரிக்குப் பிறகு நீங்கள் மீட்டரும் போடவில்லை, வேகமும் போகவில்லை. பள்ளம் இல்லாத பாதை ஒன்று பெங்களூரில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடித்தீர்கள். சுற்றுதான், ஆனால் குலுக்கவில்லை. காசு கொடுத்தால் "கொழந்த பொறந்தப்புறம் மொத்தமா வாங்கிக்கறேன்" என்பீர்கள். அந்தக் கணக்கு என் டயரியில் இருக்கிறது. தப்பிக்க முடியாது.

மே 3-ம் தேதி ஐந்தாம் மாத ஸ்கேன். நான்கு அறை இதயம், முதுகெலும்பு, இரண்டு கிட்னி என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்ற பலகை தலைக்கு மேலே தொங்கியது. "அது கேக்கல டாக்டர். எந்த டீம்னு மட்டும் தெரியுமா?" என்று நீ கேட்டாய், சிவமொக்காக்காரி. அவர் முகத்தைத் திருப்பாமலே "ரொம்ப உதைக்குது, ஃபுட்பால்" என்றார். அன்று இரவு உங்கள் சின்னசாமி மைதானத்தில் எங்கள் பதினேழு வயதுப் பையன் ஆயுஷ் மாத்ரே 94 அடித்தும் 2 ரன்னில் தோற்றோம். ஐ.பி.எல். தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்திருப்பான். அவனைப் பெற்றவள் இப்போது என்ன நினைப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், தோற்றதே உறைக்கவில்லை. நீ வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய், காய்ச்சலோ என்று.

ஜூன் 3 இரவைப் பற்றி உங்களுக்கே தெரியும். நாங்கள் கடைசி இடத்தில் சீசனை முடித்து மூட்டை கட்டிய பிறகு உங்களுடைய இறுதிப் போட்டி. பஞ்சாப்பை 6 ரன்னில் வென்றீர்கள், 2009-ல் தோற்ற அதே 6 ரன். கடைசி ஓவர் முடியும் முன்பே கோலி அழுதுவிட்டார். நீயும் அழுதாய், ஆபீஸ் மொத்தமும் அழுதது. வெடிச் சத்தத்துக்குக் குழந்தை உள்ளே புரண்டு புரண்டு படுத்தது. உன் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்து, எல்லோர் முன்னாலும், நன்றாகக் கைதட்டினேன். அப்பாவுக்கு வீடியோ போயிருக்கிறது.

மறுநாளைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு மனது. எழுதுகிறேன். மதியம் நீ சின்னசாமிக்குக் கிளம்பினாய். வெயில், கூட்டம் என்று என்னை வர விடவில்லை. சாயங்காலம் செய்தியில் முதலில் ஒரு எண் வந்தது, அப்புறம் கூடிக்கொண்டே போனது. மைதான வாசல்களில் நெரிசலில் சிக்கி 11 பேர் இறந்தார்கள். உன் போன் அடிக்கவே இல்லை. அஜ்ஜி விளக்கேற்றி உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ அண்ணா வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்தே தேடப் போனார். நீ கப்பன் பார்க் தாண்ட முடியாமல் திரும்பி, எம்.ஜி. ரோடு வழியாக நடந்து, இருட்டிய பிறகு வீட்டுக்குள் வந்தாய். சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டாய். கோப்பையைப் பற்றி அதன் பிறகு நீ வாயைத் திறக்கவில்லை. பதினேழு வருடம் காத்திருந்தவளுக்கு ஒரு முழு நாள்கூடக் கொண்டாடக் கிடைக்கவில்லை. அந்த வாரம் நான் உன் பக்கத்தில் பாய் போட முடியாது, குனிய வராது. கட்டிலில் உட்கார்ந்து உன் தலையில் எண்ணெய் வைத்தேன். பிப்ரவரியில் நீ செய்ததற்கு அது ஈடில்லை. ஆனாலும் செய்ய முடிந்ததே என்று இருந்தது.

இன்னும் சிலர். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, வாந்தி வராமலிருக்க எலுமிச்சைத் தோலை மோந்து பார்க்கச் சொன்ன லேப் சிஸ்டருக்கு நன்றி. மூன்று மணிக்கு மேல் மீட்டிங் வைக்காத மேனேஜருக்கு நன்றி, இருந்தாலும் ஏப்ரல் அப்ரைசலை நான் மறக்கவில்லை. ஜூலையில் கப்பலிறங்கி வந்த என் வீட்டுக்காரருக்கு உங்கள் எல்லோர் சார்பிலும் ஒரு குறிப்பு: இவருக்குக் கிரிக்கெட்டே தெரியாது, நோ பாலுக்கும் வைடுக்கும் வித்தியாசம் கேட்பார். இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே ஆள்.

அணி மாறுவேனா என்று ஆபீஸில் பந்தயம் கட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாறமாட்டேன் என்று கட்டியவர்கள் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்கு நான் பட்டிருக்கும் கடனை மஞ்சள் சட்டையைக் கழற்றித் தீர்த்தால் உங்களுக்கே பிடிக்காது. அடுத்த மார்ச்சில் கைக்குழந்தையோடு அதே முன்னறையில் உட்கார்ந்து உங்களோடு சண்டை போடுவதாக இருக்கிறேன். தாத்தா, அது வரைக்கும் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் போதும்.

வளைகாப்புக்கு எல்லோரும் வரவேண்டும். சதாப்தியில் டிக்கெட் போட்டாயிற்று, அஜ்ஜிக்கு ஜன்னலோர இருக்கை. புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் உண்டு. ஆட்டோ அண்ணா, வண்டியில் வருகிறேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், 350 கிலோமீட்டர். சிவமொக்காக்காரி, எனக்கு முதல் வளையல் நீதான் போடுகிறாய். அம்மாவிடம் சொல்லிச் சம்மதமும் வாங்கிவிட்டேன். கல்யாணமாகாதவள் போடலாமா என்று கேட்ட ஒரு பெரியம்மாவுக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். கண்ணாடி வளையல் வாங்க வளைகாப்புக்கு முன்பே சௌகார்பேட்டை போகிறோம். உனக்குச் சிவப்பில் எடுத்துக்கொள். எனக்கு என்ன நிறம் என்று கடைக்காரரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்போடும், தீராத வம்போடும்,
இரண்டாவது மாடிப் பெண்